டிக் போடாத அந்த ஒரு வரி

கேள்வி: ஸ்தோத்திரம் அம்மா. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். வயது 43. ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். நாங்கள் லுத்தரன் சபை. ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைப் போதகர் ஐயர் ஆளுக்கொரு டைரி கொடுத்து, தினமும் வேதம் வாசித்ததையும் ஜெபித்ததையும் எழுதி வரச் சொல்வார். எனக்கு அது பிப்ரவரியைத் தாண்டியதில்லை. 2024ல் மட்டும் விடாமல் எழுதினேன். காரணம் அப்பா. அவருக்கு இரண்டு கிட்னியும் போய், வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குப் புதுச்சேரிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தோம். டைரியின் முதல் பக்கத்தில் பன்னிரண்டு ஜெபக்குறிப்புகள் எழுதியிருந்தேன். முதல் வரி, 'அப்பாவுக்குப் பூரண சுகம்.' நடந்தவற்றுக்குச் சிவப்பு மையில் டிக் போடுவேன். எட்டுக்கு டிக் விழுந்தது, மூன்று பாக்கி. ஜூன் மாதம் அப்பா போய்விட்டார். அந்த வரியை அடிப்பதா, அப்படியே விடுவதா என்று தெரியாமல் டைரியை மூடினவள் இன்னும் திறக்கவில்லை. ஜெபக்கூட்டத்தில் ஒரு அக்கா, "உன் விசுவாசம் பத்தலம்மா" என்றார். 2025 டைரி கவர்கூடப் பிரிக்காமல் கிடக்கிறது. ஜெபிக்கிறேன், எழுதத்தான் கை வரவில்லை. ஆவிக்குரிய வளர்ச்சிக்கு இது அவசியம் என்கிறார்களே, மறுபடி எழுதியே ஆகவேண்டுமா? எழுதினால் எப்படி எழுதுவது? வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. பின்குறிப்பு: பழைய டைரிகளில் எழுதாத பக்கம் நிறைய இருக்கிறதே, பால் கணக்கு எழுதக் கொடு என்று மாமியார் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அன்புச் சகோதரி,

முதலில் அந்த அக்காவின் பேச்சு. அதை ஓரமாக வைத்துவிட்டுப் பேசலாம் என்று பார்த்தேன். ஓரத்தில்கூட வேண்டாம், வாசலுக்கு வெளியே வைப்போம். கெத்செமனே தோட்டத்தில் இயேசு, இந்தப் பாத்திரம் (வரப்போகிற சிலுவைப்பாடு) என்னைவிட்டு நீங்கட்டும் என்று கேட்டார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை என்று மத்தேயு எண்ணிச் சொல்கிறார். பாத்திரம் நீங்கவில்லை. அந்த அக்காவின் கணக்குப்படி அங்கேயும் விசுவாசம் பத்தாமல் போயிருக்கவேண்டும். மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்று பேரும் அந்த ஜெபத்தை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். கேட்டது கிடைக்காத ஒரு ஜெபம் வேதத்திலேயே பதிவாகியிருக்கும்போது உங்கள் டைரியில் ஒன்று இருப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அடுத்து, எழுதியே ஆகவேண்டுமா என்ற கேள்வி. இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேர் நம் ஊர்களில் நல்ல ஜெபவீரர்களாக வாழ்ந்து போயிருக்கிறார்கள். உங்கள் பாட்டி காலத்துச் சபையை நினைத்துப் பாருங்கள், எத்தனை பேர் கையில் பேனா இருந்தது? ஆகவே 'அவசியம்' என்ற சொல்லை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனாலும் உங்கள் விஷயத்தில் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். மற்றவர்களுக்கு டைரி சும்மா நின்றுபோகிறது. உங்களுடையது ஒரு குறிப்பிட்ட வரியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. வாய் ஜெபிக்கிறது, கை வரவில்லை என்கிறீர்களே, வாயால் சொல்லாத ஏதோ ஒன்று அந்த வரிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். பிளஸ் ஒன்னில் படித்திருப்பீர்கள்: குறிப்பேடு வேறு, பேரேடு வேறு. நடந்தது நடந்த அன்றைக்கே, நடந்த வரிசையில் ஏறுவது குறிப்பேடு. இன்னாரிடம் இவ்வளவு வாங்கினோம், இன்னாருக்கு இவ்வளவு கொடுத்தோம், ஏன் என்று கீழே ஒரு விளக்கம், அவ்வளவுதான். அதில் யாரும் மொத்தம் போட்டு யார் கடனாளி என்று தீர்ப்பு எழுதுவதில்லை. அதையெல்லாம் பேரேட்டுக்கு எடுத்தெழுதி, கணக்கை முடித்து, இருப்புக் கட்டும்போதுதான் நிலவரம் தெரியும். நீங்கள் 2024ல் செய்தது என்ன? கையில் இருந்தது குறிப்பேடு. அதைப் பேரேடாக நடத்தினீர்கள். கேட்டது ஒரு பக்கம், வந்தது மறுபக்கம், நேரானால் டிக், நேராகாவிட்டால் பாக்கி. மண்டியில் வியாபாரிக்கு எழுதுகிற கணக்கை அப்படியே ஆண்டவர் பெயருக்கும் எழுதிவிட்டீர்கள். தப்பு என்று சொல்லவில்லை. ஜெபக்குறிப்பை அப்படித்தான் எழுதவேண்டும் என்று நம் சபைகளில் பழக்கிவிட்டார்கள். கிடைத்ததைச் சாட்சி சொல்ல மைக் உண்டு, கிடைக்காததைச் சொல்ல மைக் கிடையாது.

ஐம்பத்தாறாம் சங்கீதம் எனக்கு இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. பெலிஸ்தர் தாவீதைக் காத்தூரில் பிடித்தபோது பாடியது என்று தலைப்பிலேயே இருக்கிறது. அதில் எட்டாம் வசனத்தில் தன் கண்ணீரைத் துருத்தியில் வைக்கச் சொல்லிக் கேட்கிறான். நாம் துருத்தி என்றதும் கொல்லன் பட்டறையை நினைப்போம். இது தண்ணீர் கொண்டுபோகிற தோல் பை. அதற்கடுத்துக் கேட்பதுதான் உங்களுக்கானது: அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது? 'உம்முடைய' கணக்கு. பேரேடு அவரிடத்தில் இருக்கிறது. நம் கையில் இருப்பது நாளன்றைக்குக் கிறுக்குகிற குறிப்பேடு மட்டும்தான். அதில் நாம் இருப்புக் கட்டவேண்டிய வேலையே இல்லை.

சரி, அந்த வரியை என்ன செய்வது? அடிக்காதீர்கள். டிக்கும் போடாதீர்கள். 'பூரண சுகம் என்றால் பரலோகத்தில் கிடைத்த சுகம்தான்' என்று யாராவது ஆறுதல் சொல்லி டிக் போடச் சொன்னால், அவர்கள் நல்ல மனசுக்கு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். நீங்களாக என்றைக்காவது அப்படி நம்பி எழுதினால் அது வேறு. அடுத்தவர் சொல்லி எழுதினால் வரி தீரும், மனசு தீராது. அந்த வரிக்கு நேராக இறந்த தேதியை எழுதுங்கள். அப்புறம் புதிதாக ஒரு பக்கம் எடுத்து, அந்த ஜூன் மாத நாளில் நடந்ததை எழுதுங்கள். எத்தனை மணி, யார் பக்கத்தில் இருந்தது, அப்பா கடைசியாக என்ன சாப்பிட்டார், யார் முதலில் போன் பண்ணியது, ஆம்புலன்ஸ் கடலூர் திரும்பி வரும்போது நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். ஜெபமாக எழுதவேண்டாம், நடந்ததாக எழுதுங்கள். ஒரே நாளில் முடிக்கவேண்டும் என்பதும் இல்லை. முடித்த பிறகு, கீழே ஆண்டவரிடம் கேட்க நினைப்பதைக் கேட்டு எழுதுங்கள். ஏன் என்று கேட்க வந்தால் ஏன் என்றே எழுதுங்கள். 'ஆனாலும் உம்முடைய சித்தம்' என்று அவசரமாக முடித்து வைக்கவேண்டாம். அந்த வார்த்தை வருகிற நாள் வந்தால் தானாக வரும்.

ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டதே, இனிமேல் எழுதி என்ன என்று தோன்றலாம். ஆதிச்சபையின் பெரிய போதகர் அகுஸ்தீனார் கதை தெரியுமா? அவர் அம்மா மோனிக்கா 387ல் இத்தாலியில், ரோமாபுரிக்குப் பக்கத்தில் உள்ள ஓஸ்தியா துறைமுகத்தில் இறந்துபோனார். மகன் அழாமல் அடக்கிக்கொண்டார். அடக்கம் முடிந்தும் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. குளித்தால் துக்கம் போகும் என்று கேள்விப்பட்டுக் குளிக்கப் போனார். போகவில்லை, குளித்துவிட்டு வந்தவன் போகும்போது இருந்தமாதிரியேதான் இருந்தேன் என்கிறார். நம் ஊரில் துக்க வீட்டிலிருந்து வந்து தலைக்கு ஊற்றிக்கொள்கிறவர்களுக்கு இது புரியும். அப்புறம் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, தனியாகப் படுக்கையில் கொஞ்ச நேரம் அழுதார். இதையெல்லாம் அவர் எழுதியது சுமார் பத்து வருடம் கழித்து. அதுவும் யாரிடம்? தன் வாழ்க்கை முழுவதையும் கடவுளைப் பார்த்து 'நீர், உம்முடைய' என்றுதான் எழுதிக்கொண்டு போகிறார். இந்தக் கடைசி விஷயத்தை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். டைரியில் 'இன்று கர்த்தர் எனக்கு உதவினார்' என்று அவரைப் பற்றி மூன்றாம் மனிதரிடம் ரிப்போர்ட் கொடுப்பதுபோல் எழுதாமல், 'இன்று மதியம் எனக்கு மூச்சு முட்டியது, நீர் எங்கே இருந்தீர்?' என்று அவரிடமே எழுதுங்கள். ரிப்போர்ட்டில் பொய் வந்துவிடும். நேரில் பேசும்போது அவ்வளவு சுலபமாக வராது.

இப்படி எழுதலாமா, தேவனை நிந்திப்பது ஆகாதா என்று பயப்படுகிறவர்களுக்கு நான் எண்பத்தெட்டாம் சங்கீதத்தை எடுத்துக் கொடுப்பேன். மற்ற புலம்பல் பாட்டுகளில் கடைசியில் ஒரு 'ஆனாலும்' வரும், துதி வரும். இதில் வராது. சிநேகிதனும் தோழனும் தூரமாகப் போனார்கள், தெரிந்தவர்கள் மறைந்துபோனார்கள், அத்துடன் பாட்டு முடிந்துவிடுகிறது. ஆலயத்தில் பாடுவதற்கென்று தொகுத்த புத்தகத்துக்குள்ளேயே அதைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உங்கள் ஒரு பக்கத்துக்கு இடம் இல்லாமல் போகாது.

நீங்கள் லுத்தரன் என்று எழுதியதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. (நான் புதுச்சேரியில் சம்பா கோவில் மணி கேட்டு வளர்ந்த கத்தோலிக்கப் பெண். ஆனால் என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் பக்கத்துக்காரர்கள்தான்.) டைரி எழுதுவது உங்கள் பரம்பரையிலேயே இருக்கிறது. 1706ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரிகள் நாள்தோறும் நடந்ததை எழுதி ஜெர்மனியில் உள்ள ஹாலே ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே அவற்றை அச்சிட்டார்கள். தமிழர்களில் முதன்முதலாக 1733ல் லுத்தரன் குருப்பட்டம் பெற்ற ஆரோன் உங்கள் கடலூரில் பிறந்தவர். 1737லிருந்து கடலூரிலேயே அந்த மிஷன் நடந்தது. அந்த நாட்குறிப்புகளால்தான் அந்தக் காலத்து ஜனங்களைப் பற்றி இவ்வளவு தெரிகிறது. ஆனால் அவற்றில் ஒரு சங்கடமும் உண்டு. கடல் தாண்டி அதைப் படித்துப் பணம் அனுப்புகிறவர்கள் இருந்தார்கள். அது தெரிந்து எழுதுகிற கை கொஞ்சம் நிமிர்ந்துதான் எழுதும். உங்கள் டைரியை ஹாலேயில் யாரும் அச்சடிக்கப் போவதில்லை. ஐயரிடம் காட்டப் போவதும் இல்லை. 'கர்த்தர் நல்லவர், அல்லேலூயா' என்று பக்கம் பக்கமாக எழுதி யாரையும் திருப்திப்படுத்தவேண்டியதில்லை.

அதற்கு நேர்மாறான ஆள் எங்கள் ஊர்க்காரர், ஆனந்தரங்கப் பிள்ளை. கிறிஸ்தவர் இல்லை, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் வியாபாரத் தரகரும். 1736லிருந்து 1761 வரை எழுதினார். எந்தக் கப்பல் எப்போது வந்தது, யார் என்ன சொன்னார், சரக்கு என்ன விலை, ராத்திரி என்ன கனவு, எல்லாவற்றையும் நாளும் நேரமும் போட்டு எழுதியிருக்கிறார். பக்தி சொட்டச் சொட்ட எழுதின நோட்டுகளை நான் ஆலோசனை அறையில் பார்த்திருக்கிறேன். பத்து வருடம் கழித்து எழுதினவரே திரும்பப் படித்தால் ஒன்றும் நினைவுக்கு வராது. 'ஆண்டவருடைய பிரசன்னத்தை உணர்ந்தேன்' என்றால் எங்கே, எப்போது, பக்கத்தில் கொசு இருந்ததா? ஜெப நோட்டிலும் கப்பல் வந்த நேரம் இருக்கட்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

என் நோட்டிலிருந்தே ஒன்று. 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் நம் இரண்டு ஊருக்கும் நடுவில் கரையேறியதே, அந்த வாரம் நான் எழுதினதைப் போன மாதம் எடுத்துப் பார்த்தேன். பெரிய ஜெபம் எதுவும் இல்லை. 'பின்பக்கத்துப் பூவரசு விழுந்தது. கரண்ட் இல்லை. எதிர்வீட்டுக்காரர் அடிபம்பில் நாலு குடம் அடித்துக் கொடுத்தார். பண்ருட்டியில் பலாமரம் எல்லாம் போச்சாம். மெழுகுவர்த்தி தீர்கிறது. ஆண்டவரே, தூக்கம் வரவில்லை.' அவ்வளவுதான். அன்றைக்கு அந்த நாலு குடத்தை நன்றி என்று நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் 'உதவிக்கு ஸ்தோத்திரம்' என்று எழுதி, குடத்தை விட்டிருப்பேன். குடத்தை எழுதினதால் இன்றைக்கு அந்த மனிதர் முகம் தெரிகிறது. அவர் இப்போது இல்லை.

இனி எப்படி எழுதுவது. தேதி அச்சடித்த டைரி உங்களுக்கு வேண்டாம். ஐயர் கோபித்துக்கொள்ளக்கூடாது, நல்ல எண்ணத்தில்தான் கொடுக்கிறார். ஆனால் நாலு நாள் விட்டால் நாலு வெள்ளைப் பக்கம் முறைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துத்தான் முக்கால்வாசிப் பேர் பிப்ரவரியில் நிறுத்துகிறார்கள். கடையில் ரூல் போட்ட சாதாரண நோட்டு ஒன்று வாங்குங்கள். எழுதுகிற அன்றைக்குத் தேதியை நீங்களே போடுங்கள். பத்து நாள் விட்டுப்போனால் பதினோராம் நாள் அடுத்த வரியிலேயே தொடங்குங்கள், விட்டதற்கு விளக்கம் வேண்டாம். விலை உயர்ந்த தோல் அட்டை நோட்டு வாங்காதீர்கள். அதில் நல்ல கையெழுத்தில் நல்ல விஷயம் மட்டும் எழுதத் தோன்றும்.

நேரம்? விடியற்காலை நாலு மணி என்று உபதேசம் செய்ய எனக்கு மனசு வரவில்லை. காலையில் டிபன் கட்டி, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்து ஓடுகிற பெண்ணுக்கு அது ஆகாது. மண்டியில் மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் ஓய்ந்து கிடக்கும் இல்லையா, அந்தப் பத்து நிமிஷம் போதும். வீட்டில் உட்கார்ந்துதான் எழுதவேண்டும் என்று எந்த வேதத்திலும் இல்லை. மேஜைமேல் ஏற்கனவே நாலு நோட்டு இருக்கும், ஐந்தாவதை யாரும் கேட்கமாட்டார்கள். ஞாயிறு சாயங்காலம் தேவனாம்பட்டினம் பீச்சில் சுண்டல் வாங்கிக் கொடுத்துப் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு எழுதினாலும் சரி.

வாசித்த பகுதியிலிருந்து ஒரே ஒரு வசனத்தை முழுசாகக் கையால் எழுதுங்கள். போனில் போட்டோ எடுத்து ஒட்டுவது, வசன எண் மட்டும் குறிப்பது வேண்டாம். உபாகமம் 17:18ல் ஒரு விநோதமான கட்டளை இருக்கிறது: ராஜா சிங்காசனத்தில் உட்கார்ந்ததும் நியாயப்பிரமாணத்தைத் தனக்கென்று ஒரு பிரதி எழுதிக்கொள்ளவேண்டும், அதைத் தன் ஜீவனுள்ள நாளெல்லாம் வாசிக்கவேண்டும். படித்தால் போதாதா, ராஜாவுக்கு எதற்கு எழுதுகிற வேலை? எழுதிப் பார்த்தால் தெரியும். கண் தாண்டி ஓடுகிற சொல்லைக் கை தாண்டாது. வசனத்துக்குக் கீழே அன்று நடந்த ஒன்று. அதற்குக் கீழே அவரிடம் சொல்லவேண்டிய ஒன்று. ஆறேழு வரிக்குள் முடிந்துவிடும். ஒரு நாள் ஆறு பக்கம் ஓடினால் ஓடட்டும்.

ஜெபக்குறிப்புப் பட்டியல் போடுங்கள், தடையில்லை. டிக் மட்டும் வேண்டாம். டிக்குக்குப் பதில், ஏதாவது நடந்தால் தேதி போட்டு என்ன நடந்தது என்று எழுதுங்கள். பாக்கி மூன்று என்றீர்களே, அவற்றில் ஒன்று தம்பி வேலை என்று வைத்துக்கொள்வோம். 'மார்ச் 4, சென்னையில் இண்டர்வியூ, கிடைக்கவில்லை, அழுதான், இரண்டு தோசை சாப்பிட்டான்' என்பது டிக்கிலும் அடங்காது, பாக்கியிலும் அடங்காது.

புள்ளி வைத்துக் கணக்குப் பார்க்கிற பழக்கம் எங்கள் கத்தோலிக்கப் பக்கத்திலும் உண்டு. இஞ்ஞாசியார், இயேசு சபையைத் தொடங்கினவர், பதினாறாம் நூற்றாண்டு. ஒரு தாளில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டிரண்டு கோடு போட்டு, திருத்திக்கொள்ள நினைக்கிற ஒரு குறையில் விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். வாரம் போகப் போகப் புள்ளி குறைகிறதா என்று பார்க்கவேண்டும். கவனியுங்கள், அந்தப் புள்ளி எழுதுகிறவருடைய நடத்தைக்கு. கடவுளின் வேலைக்கு அல்ல. ஆனால் இதையும் நான் உங்களுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். ஏற்கனவே 'என் விசுவாசம்தான் பத்தலையோ' என்று குமைகிற மனசுக்குப் புள்ளித்தாள் கொடுத்தால் தாள் முழுக்கப் புள்ளியாகிவிடும். அவருடைய இரவு ஆத்தும சோதனையின் வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது தவறிலிருந்து தொடங்குவதில்லை. முதலில் நன்றி, அடுத்து என்னைப் பார்க்க எனக்கு வெளிச்சம் தாரும் என்ற வேண்டுதல், மூன்றாவதாகத்தான் நாள் முழுவதையும் நேரம் நேரமாகத் திரும்பிப் பார்ப்பது. அப்புறம் மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். தூங்கப்போகும்போது எழுதாமல் மனசிலேயே ஓட்டலாம்.

இப்போது அந்தப் பயம். வீட்டில் யாராவது படித்துவிடுவார்களோ? படிக்கலாம். ஒளித்து வைப்பதற்கு எல்லையே கிடையாது. மெதடிஸ்ட் சபைக்கு வித்திட்ட ஜான் வெஸ்லி தன் டைரியைச் சுருக்கெழுத்தும் சங்கேதமுமாக எழுதினார்; பின்னாளில் ஆட்கள் உட்கார்ந்து அதையும் படித்துவிட்டார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை இறந்து எண்பத்தைந்து வருடம் கழித்து, 1846ல் அவருடைய டைரிகள் வெளியே வந்தன. பிறகு பன்னிரண்டு பாகமாக இங்கிலீஷில் அச்சேறின. அந்த அளவுக்கு உங்களுக்கு ஆபத்து இருக்காது என்று நம்புகிறேன். நடைமுறையில் நான் சொல்வது, உங்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள். அடுத்தவரைப் பற்றிக் குறைத்து எழுதுங்கள். ஜெபக்கூட்டத்தில் ஒருத்தி நம்பிச் சொன்ன வீட்டு விஷயம் உங்கள் நோட்டில் பெயரோடு இருக்கக்கூடாது, முதல் எழுத்துப் போதும். மாமியாரைப் பற்றிக் கொட்டித்தான் ஆகவேண்டும் என்றால் தனித்தாளில் கொட்டி, அவரிடம் பேசி முடித்த பிறகு கிழித்துவிடுங்கள். கிழிப்பதும் ஜெபத்தில் சேர்த்திதான் என்பது என் அபிப்பிராயம். போனில் எழுதுகிற இளம்பெண்கள் உண்டு, பூட்டும் உண்டு. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப் மணி அடித்தால் நீங்கள் எங்கே போவீர்கள் என்று உங்களுக்கே தெரியும். கணவரிடம் மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், "இது நான் ஆண்டவருக்கு எழுதுற லெட்டர், நீங்க படிக்காதீங்க" என்று. ஒளித்து வைத்த நோட்டைத்தான் மனுஷருக்குப் படிக்கத் தோன்றும்.

திரும்பப் படிப்பது தினம் தினம் வேண்டாம். விதை போட்டு மறுநாளே தோண்டிப் பார்க்கிற கதை ஆகிவிடும். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் ஒரு தடவை, வருடக் கடைசியில் ஒரு தடவை போதும். படிக்கும்போது எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தேடாதீர்கள். எந்தப் பெயர் அடிக்கடி வருகிறது, எந்தப் பெயர் வராமல் போய்விட்டது என்று பாருங்கள். என் நோட்டுகளில் 2009 வரை மாதம் மூன்று தடவையாவது ஒரு உறவுக்காரியின் பெயர் வரும், நல்லவிதமாக அல்ல. 2010க்குப் பிறகு இல்லை. நான் மன்னித்துவிட்டேனா, மறந்துவிட்டேனா, அல்லது அவள் வேறு ஊருக்குப் போனதுதான் காரணமா, எனக்கே தெரியவில்லை. அதைப் படித்த அன்று அவளுக்குப் போன் பண்ணினேன். பத்து நிமிஷம் பேசினோம், பெரும்பாலும் முழங்கால் வலியைப் பற்றி.

ஒரே ஒரு எச்சரிக்கை, இது ஆலோசகராக. அந்த ஜூன் மாதப் பக்கத்தை எழுதத் தொடங்கினதும் அழுகை வரும், வரட்டும். ஆனால் எழுதி எழுதி ஒரே இடத்தில் சுற்றுகிறீர்கள், இரண்டு வாரத்துக்கு மேல் சரியான தூக்கமோ சாப்பாடோ இல்லை, நானும் அப்பாவோடு போய்விடலாம் என்ற எண்ணம் தலைகாட்டுகிறது என்றால் நோட்டை மூடிவிட்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலிமானஸ்) கட்டணமில்லாமல், தமிழிலேயே, எந்த நேரத்திலும் பேசலாம். டாக்டரிடம் போவது அவிசுவாசம் என்று அந்த அக்கா சொன்னால், அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனது நீங்கள்தான் என்று ஞாபகப்படுத்துங்கள்.

பின்குறிப்புக்கு வருகிறேன். 2025 டைரியைத் தாராளமாக மாமியாருக்குக் கொடுங்கள். பால் கணக்குக்குத் தேதி அச்சடித்த டைரியைவிட நல்லது கிடையாது. அதற்கு முந்தைய டைரிகளில் நீங்கள் எழுதின பக்கங்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாம். 2024 மட்டும் கொடுக்கவேண்டாம், ஜூனுக்கு அப்புறம் எத்தனை வெள்ளைப் பக்கம் இருந்தாலும். கேட்டால், இதில் எனக்கு எழுதவேண்டியது இன்னும் இருக்கிறது அத்தை என்று சொல்லுங்கள்.